தலைவிதிக்குத் தெரு தெரியுமா?

(கடலூர் முதுநகரில் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச வேண்டுமென்று குறிப்பிடப்பட்டிருக்கும் விஷயம் "ஏழைக் குழந்தைகளின் கஷ்டமும் அதற்குப் பரிகாரமும்" என்பதாகும். இவ்விஷயத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்குக் கண்ணீர் வரும்படியாகப் பேசுவது வெகு சுலபமான காரியம். ஆனால் கண்ணீர் விட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப் போவார்கள். கஷ்டப்படுகிற குழந்தை இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகையால் நாம் இன்று கண்ணீருக்காகப் பேசப் போவதில்லை. காரணத்தைப் பற்றியே பேசப் போகிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் சொந்த அறிவைக் கொண்டு யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே தள்ளிவிட்டுப் போங்கள்.

தோழர்களே! ஒரு குழந்தை பட்டினியாய் இருக்கிறது, பள்ளிக்கூடம் போகாமல் செங்கல் சூளையில் மண் பிசைகிறது, பதினான்கு வயதில் கழுத்தில் தாலி ஏறுகிறது என்றால், அதற்கு என்ன காரணம் என்று நம் ஜனங்களில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் "அது அதன் தலைவிதி" என்பார்கள். கொஞ்சம் படித்தவர்களாயிருந்தால் "பூர்வஜென்ம கர்மபலன்" என்று அதையே சமஸ்கிருதத்தில் சொல்லுவார்கள். இந்தப் பதிலைச் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சொன்னவருக்கும் பொறுப்பில்லை, கேட்டவருக்கும் பொறுப்பில்லை. அந்தச் சௌகரியத்துக்காகத்தான் இந்தப் பதில் இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது.

ஆனால் நாம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். விதி என்பது உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியாமல் மேலேயிருந்து எழுதப்படுவதானால், அது எல்லாத் தெருவிலும் கலந்து விழ வேண்டுமல்லவா? மழை பெய்தால் அக்கிரகாரத்திலும் பெய்கிறது, சேரியிலும் பெய்கிறது. ஆனால் இந்த விதி மாத்திரம் சேரி எது, மீனவர் குப்பம் எது, இருளர் குடிசை எது என்று முகவரி பார்த்து விழுகிறதே, அது எப்படி? ஒரே தெருவில் நூறு வருஷமாய் ஒரே மாதிரி விதி எழுதப்படுமானால், அதை எழுதுகிறவன் மேலே இல்லை, அந்தத் தெருவுக்குப் பக்கத்துத் தெருவிலேயேதான் இருக்கிறான் என்பது நம் அபிப்பிராயம். இதை நம் ஜில்லாவில் நடந்த காரியங்களைக் கொண்டே காட்டுகிறோம்.

கடல் கொண்டு போனது யாரை?

26-12-2004ம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்ததை இங்குள்ள தாய்மார்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. தேவனாம்பட்டினம் முதல் பிச்சாவரம் வரையில் உள்ள குப்பங்களில் அன்றைக்கு ஆளை இழக்காத குடும்பங்களைவிட இழந்த குடும்பங்களைச் சுலபமாய்க் கண்டுபிடிக்கலாம். கடலூர் ஜில்லாவில் மாத்திரம் 600 பேருக்கு மேல் மாண்டு போனார்கள்.

அப்போது என்ன பேச்சு கிளம்பிற்று என்பதை நினைத்துப் பாருங்கள். கடல்தாய்க்குக் கோபம் என்றார்கள். ஊரில் பாவம் பெருகிவிட்டது என்றார்கள். அதற்கு முந்தின மாதம் காஞ்சி சங்கராச்சாரியார் ஒரு கொலை வழக்கில் கைது செய்யப்பட்டிருந்தார். அந்த வழக்கில் பிற்பாடு 2013ல் அவர் விடுதலையும் ஆனார். "அவரைக் கைது செய்ததால்தான் கடல் பொங்கிற்று" என்றுகூடச் சிலர் வெட்கமில்லாமல் பேசினார்கள். அவரைக் கைது செய்தது சர்க்கார். அவரைக் காவலில் வைத்தது போலீஸ். அப்படியிருக்க, கோபம் கொண்ட கடவுள் கோட்டையையும் போலீஸ் ஸ்டேஷனையும் விட்டுவிட்டுச் சோனாங்குப்பத்துக் குழந்தையை இழுத்துக்கொண்டு போவானேன்? அப்படிப்பட்ட கடவுளைக் கடவுள் என்று சொல்லுவதைவிட அவருக்கு வேறு அவமானம் வேண்டுமா?

உண்மை என்னவென்றால், சுமத்ரா தீவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் பூமியின் பாறைத் தட்டு ஒன்று மற்றொன்றின் கீழ் நழுவிற்று. நம் கணக்குக்கு அது காலை ஆறரை மணி. அலை நம் கரைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு மணி நேரம் என்றால் குழந்தை குட்டிகளோடு ஒரு மைல் நடந்து மேட்டுக்குப் போய்ச் சேரத் தாராளமான நேரம். ஆனால் சொல்ல ஆளில்லை. பசிபிக் சமுத்திரத்தில் இப்படி எச்சரிக்கை செய்யும் ஏற்பாடு 1949ம் வருஷத்திலேயே வந்துவிட்டது. நம் இந்து மகா சமுத்திரக் கரைக்கு அது இல்லை. இவ்வளவு பேர் செத்த பிறகு 2007ல்தான் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. ஆகவே, கொன்றது கடல் என்று சொன்னாலும், சாகவிட்டது மனிதன் செய்யாமல் விட்ட காரியமேயாகும்.

நிற்க, இதைவிட முக்கியமான ஒரு சங்கதி இருக்கிறது. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு 2005ம் வருஷத்தில் ஆக்ஸ்பாம் என்ற ஸ்தாபனத்தார் செத்தவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கடலூர் ஜில்லாவில் அவர்கள் கொடுத்த கணக்கு, ஆண்கள் 146, பெண்கள் 391. பச்சங்குப்பம் என்ற ஊரில் மாண்டவர்கள் எல்லோருமே பெண்கள். கடலுக்கு ஆண் பெண் தெரியுமா? தெரியாது. அலை சேலையைப் பார்த்தும் வேட்டியைப் பார்த்தும் வருவதில்லை. பின்னே ஏன் இப்படி?

காரணம் வெகு சாதாரணமானது. ஆண்கள் கட்டுமரத்திலும் படகிலும் ஆழத்தில் இருந்தார்கள். ஆழத்தில் அந்த அலை பெரிதாய்த் தெரியாது. கரைக்கு வந்துதான் எழும்பும். பெண்கள் மீனை வாங்கிக் கூடையில் கொண்டு போக மணலில் காத்திருந்தார்கள், அல்லது வீட்டிலே குழந்தைகளோடு இருந்தார்கள். கடற்கரையிலேயே பிறந்து கடற்கரையிலேயே வளர்ந்தும் அவர்களுக்கு நீந்தத் தெரியாது. ஆண்பிள்ளைக்கு அப்பன் நீச்சல் சொல்லிக் கொடுக்கிறான். பெண்பிள்ளை தண்ணீரில் இறங்கினால் "பொட்டச்சிக்கு என்ன கடலில் வேலை" என்கிறோம். ஆறு கஜம் சேலை காலைச் சுற்றிக்கொண்டது. கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று குழந்தைகள் இருந்தன. விட்டுவிட்டு ஓட மனம் வரவில்லை. ஆக, அலை வந்தது இயற்கையினால். அந்த அலையில் பெண்கள் அதிகமாய்ச் செத்தது நாம் அவர்களை வைத்திருந்த நிலைமையினால். இதைத் தலைவிதி என்று சொல்லுவதற்கு நம் வாய் எப்படித் துணியும்?

தாய் போன வீட்டில் நடப்பது

செத்தவர்கள் போய்விட்டார்கள். இருந்த குழந்தைகளின் கதி என்ன? பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்குக் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் சர்க்கார் இல்லங்கள் திறந்தார்கள். அது நல்ல காரியம், அதைப் பாராட்டுகிறோம். ஆனால் தாயை மாத்திரம் இழந்த குழந்தையை நாம் அநாதை என்று சொல்லுவதில்லை. "அப்பன் இருக்கிறானே" என்கிறோம். அந்த வீட்டில் நடப்பது என்ன? மூத்தது பெண்ணாயிருந்தால் மறுநாளே அவள் தாயாகிவிடுகிறாள். அடுப்பு, தண்ணீர், தம்பி தங்கை, சலவை எல்லாம் அவள் தலையில். பள்ளிக்கூடப் பை மூலைக்குப் போகிறது. அதே வீட்டில் மூத்தது ஆணாயிருந்தால் அவன் பை மூலைக்குப் போவதில்லை. பிறகு அப்பன் மறுமணம் செய்துகொள்ளுகிறான். செய்துகொள்ளட்டும், அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவனுக்கு வாய்க்கிற பெண் பெரும்பாலும் இன்னொரு வீட்டில் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்ட சிறு பெண்ணாயிருக்கிறாள். "வயதுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு யார் காவல் காப்பது?" என்று முதல் பெண்ணையும் சீக்கிரமே தள்ளிவிடுகிறார்கள். இப்படியாக ஓர் அலையினால் இரண்டு வீட்டுப் பெண்களின் படிப்பு முடிந்துவிடுகிறது. கடல் ஒரு நாள் காலையில் அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. நம் வழக்கம் தினந்தோறும் அடித்துக்கொண்டேயிருக்கிறது.

பிச்சாவரம், கிள்ளைப் பக்கத்து இருளர்களின் சங்கதியையும் சொல்ல வேண்டும். கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் ஜனங்கள் அவர்கள். படகு இல்லை, வலை இல்லை, பட்டா இல்லை. இதனாலேயே சுனாமி நிவாரணத்தில் அவர்கள் மீனவர் கணக்கில் சேரவில்லை என்ற புகார் அப்போதே எழுந்தது. கரையோரச் சேரி ஜனங்களும் அதே மாதிரி சொன்னார்கள். உடைந்த படகுக்குப் பணம் உண்டு. படகே வாங்க முடியாத ஏழைக்கு உடைய ஒன்றுமில்லையாகையால் பணமும் இல்லை! இல்லாதவனுக்கு எதுவும் நஷ்டமாகாது என்கிற இந்தக் கணக்கை எந்தக் கடவுள் போட்டது? நம்மைப் போன்ற மனிதர்கள்தானே உட்கார்ந்து போட்டார்கள்? அந்த இருளர் குழந்தை பத்தாவது வகுப்புக்குமேல் போக ஜாதிச் சான்றிதழ் வேண்டும். தகப்பனுக்குச் சான்றிதழ் இல்லை, ஆகையால் மகனுக்கும் தரத் தயக்கம். தகப்பனுக்கு ஏன் இல்லையென்றால் பாட்டனுக்கு இல்லை. கோயிலில் நிற்கும்போது மட்டும் ஜாதி பளிச்சென்று தெரிகிறது. சலுகை கேட்கும்போது தாலுகா ஆபீசில் ஜாதி தெரியாமல் போய்விடுகிறது!

நந்தனுக்கு நெருப்பும் நந்தனார் பள்ளிக்கூடமும்

இனிச் சிதம்பரத்துக்குப் போவோம். சிதம்பரம் என்றவுடன் நந்தன் கதை ஞாபகத்துக்கு வரும். பெரிய புராணத்துக் கதைப்படி, கோயில் பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்துவந்த ஆதனூர்ப் புலையர் ஒருவர் தில்லை நடராஜனைப் பார்க்க ஆசைப்பட்டார். உள்ளே வர வேண்டுமானால் நெருப்பில் முழுகி வர வேண்டும் என்று சுவாமியே கனவில் வந்து சொன்னார். அந்தணர்கள் தீ வளர்த்தார்கள். நந்தன் அதில் இறங்கிப் பூணூலோடு எழுந்தார் என்பது கதை. 19ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதைக் கீர்த்தனையாய்ப் பாடியபோது, பழைய புராணத்தில் இல்லாத ஒரு பிராமணப் பண்ணையாரையும் சேர்த்தார். பயிரை அறுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அந்தப் பண்ணையார் சொல்ல, ஒரே இராத்திரியில் சுவாமியே விளைவித்துக் கொடுத்தார் என்றார். பக்தர்களுக்கு இதில் அற்புதம் தெரிகிறது. நமக்குத் தெரிவது என்னவென்றால், பாட்டுக்காரர் தம் காலத்தில் கண்ணால் கண்ட பண்ணையாள் முறையை மறைக்க முடியாமல் கதைக்குள் கொண்டுவந்துவிட்டார் என்பதுதான்.

பண்ணையாள் முறை என்றால் என்ன? கலியாணத்துக்கென்றோ சாவுக்கென்றோ அப்பன் பத்தோ இருபதோ கடன் வாங்குவான். அந்தக் கடனுக்கு அவன் பண்ணையில் அடிமை. அவன் பெண்டாட்டி களத்தில் அடிமை. பிள்ளை நடக்கத் தெரிந்தவுடன் மாட்டுக்காரப் பையன். எழுத்து என்றால் கணக்குப்பிள்ளையின் நோட்டில் இருக்கிற கடன் ஒன்றுதான் அவர்களுக்குத் தெரியும்; அதையும் வாசிக்கத் தெரியாது. அந்தப் பையனுக்கு நம் புராணம் காட்டிய வழி நெருப்பு. செத்த பிறகு மோக்ஷம். உயிரோடிருக்கும்போது மாட்டுக் கொட்டகை.

இதற்கு மாறாக அதே சிதம்பரத்தில் வேறொரு காரியமும் நடந்தது. சுவாமி சகஜானந்தர் என்பவர் 1916ம் வருஷத்தில் நந்தனார் பெயரால் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அவர் காவி உடுத்தியவர், பக்தியுள்ளவர், கடவுள் விஷயத்தில் அவருக்கும் நமக்கும் ஒத்துவராது. ஆனால் உண்மையை ஒளிக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து, எழுத்துச் சொல்லிக் கொடுத்து, சட்டசபைக்குப் போய் அவர்களுக்காக வாதாடி, 1959ல் சாகும் வரையில் அவர் செய்த வேலை இருக்கிறதே, அது ஆயிரம் கும்பாபிஷேகத்துக்கு மேலானது. புராணத்து நந்தன் நெருப்புக்குள் போனவர் திரும்ப ஆதனூருக்கு வரவில்லை; ஆதனூர் ஜனங்களுக்கு அதனால் ஒரு பிடி நெல் கூலி உயரவில்லை. பள்ளிக்கூடத்து நந்தன்கள் கையெழுத்துப் போடத் தெரிந்துகொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். ஒரு குழந்தையின் தலையில் எழுதிய எழுத்தை அழிக்க அதன் பலகையில் எழுதும் எழுத்தால் முடியுமானால், முன்னது எவ்வளவு பொய்யான எழுத்தாயிருக்க வேண்டும்!

இது தெரிந்துதான் பலகையைப் பிடுங்க அடிக்கடி முயற்சி நடக்கிறது. 1953ல் ராஜகோபாலாச்சாரியார் முதன்மந்திரியாயிருந்தபோது, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் மூன்று மணி நேரம் படித்தால் போதும், மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். நாடு எதிர்த்து நின்றது. 1954ல் அவரும் போனார், காமராஜர் வந்து அந்தத் திட்டத்தையும் ஒழித்தார். போய்விட்டது என்று நாம் இருந்தோம். ஆனால் 2016ல் மத்திய சர்க்கார் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளிக்கூட நேரம் போக மிச்ச நேரத்தில் பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளையும் "குடும்பத் தொழிலுக்கு" ஒத்தாசை செய்யலாம் என்று ஒரு விலக்கு வைத்தார்கள். எந்தக் குடும்பத்துக்கு இது சலுகை? வக்கீல் மகன் சாயங்காலம் கோர்ட்டுக்குப் போய் வாதாடப் போகிறானா? கரும்பு வெட்ட முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு போகிறவனின் மகன்தான் வெட்டின கரும்பைக் கட்டுவான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976ல் வந்தது. அது வந்த பிறகும் சூளைகளிலிருந்தும் கரும்புத் தோட்டங்களிலிருந்தும் இருளர் குடும்பங்களை அதிகாரிகள் போய் மீட்டு வரவேண்டியிருக்கிறது என்றால், பண்ணையாள் முறை "முன்பணம்" என்று பெயர் மாற்றிக்கொண்டது என்றுதானே அர்த்தம்?

தீட்சிதர் வீட்டுப் பெண்ணும் நம் பெண்தான்

நாம் சேரியையும் குப்பத்தையும் மாத்திரம் பேசுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். குழந்தை என்றால் எல்லாக் குழந்தையும் குழந்தைதான்.

குழந்தை மணத்தை நிறுத்த இந்த நாட்டில் நடந்த பாட்டைப் பாருங்கள். கல்கத்தாவில் புருஷன் கையில் பத்துப் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி செத்த பிறகு, 1891ல் பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கினார்கள். அதற்கே "மதம் போச்சு" என்று கூச்சல். 1929ல் சாரதா சட்டம் வந்து பெண்ணின் மண வயது பதினாலு என்றது. அப்போதும் சாஸ்திரத்துக்கு விரோதம் என்று வைதிகர்கள் சாபமிட்டார்கள். அதே 1929ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடோ, பெண்ணுக்குப் பதினாறு வயதுக்கு மேல்தான் மணம், சொத்தில் ஆணுக்குச் சமமான பங்கு என்று தீர்மானம் போட்டது. அப்போது சிரித்தார்கள். 1978ல் சட்டம் பதினெட்டு வயது என்றது. 1989ல் தமிழ்நாட்டுச் சட்டம் சொத்திலும் பங்கு கொடுத்தது. சிரித்தவர்களின் பேத்திகளும் இன்று அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளுகிறார்கள். வாங்கட்டும், நமக்குச் சந்தோஷமே.

இவ்வளவும் ஆன பிறகு, 2022ல் சிதம்பரத்தில் குழந்தை மணம் செய்ததாகப் பொதுதீட்சிதர்களில் சிலர்மீது வழக்குகள் பதிவாகிக் கைதும் நடந்தது. குற்றம் உண்டா இல்லையா என்பது கோர்ட்டார் தீர்மானிக்க வேண்டியது. அதில் நாம் தலையிடவில்லை. 2023 மே மாதத்தில் அப்போதைய கவர்னர் ஆர்.என். ரவி, அவை பழிவாங்கும் வழக்குகள் என்றும், அந்தப் பெண்களுக்கு இருவிரல் பரிசோதனை செய்தார்கள் என்றும் ஒரு பேட்டியில் சொன்னார். போலீசார் அதை மறுத்தார்கள். அப்படிப்பட்ட பரிசோதனை எந்தப் பெண்ணுக்கு, யாரால் நடந்தாலும் அது அக்கிரமம்தான். அதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் பெண்ணின் மானத்துக்காகப் பேசுகிறவர், அந்தச் சிறு பெண்ணுக்கு ஏன் தாலி கட்ட வேண்டும் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டாமா?

இதற்கும் காரணம் உண்டு. அந்தக் கோயிலில் கலியாணமான தீட்சிதருக்குத்தான் பூஜை செய்யும் பாத்தியதையும் வரும்படியில் பங்கும் என்பது அவர்கள் வழக்கம். ஆகையால் பையனுக்குச் சீக்கிரம் கலியாணம் ஆக வேண்டும்; சீக்கிரம் ஆக வேண்டுமானால் அதற்கும் சிறிய பெண் வேண்டும்; வெளியே பெண் எடுக்க மாட்டார்களாகையால் சில நூறு குடும்பங்களுக்குள்ளேயே தேட வேண்டும். கடைசியில் பங்குக் கணக்கு ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் கழுத்தில் வந்து முடிகிறது. குப்பத்துப் பெண்ணின் படிப்பு வறுமையினால் நின்றது. அந்த வீட்டுப் பெண்ணின் படிப்பு வழக்கத்தினால் நிற்கிறது. ஒருத்தி பசியினால் அகப்பட்டுக்கொண்டாள், மற்றவள் சாஸ்திரத்தினால் அகப்பட்டுக்கொண்டாள். இருவரையும் சேர்த்துத்தான் நாம் பேசுகிறோம். தீட்சிதர்களிடத்தில் நமக்குள்ள சண்டை வேறு. அவர்கள் வீட்டுப் பெண்குழந்தையிடத்தில் நமக்குச் சண்டை இல்லை, கவலைதான் உண்டு.

முட்டைக்குப் பயப்படுகிற விதி

"எல்லாம் சரி, ஒன்றுமே நடக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது, அதுதான் நம் கட்சிக்குப் பலமான சாட்சி. 1920ல் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னைக் கார்ப்பரேஷன் ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு போட்டது. 1956ல் காமராஜர் ஆட்சியில் அது நாட்டுக்குப் பரவிற்று. 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 1989ல் கலைஞர் காலத்தில் முட்டை வந்தது. 2022ல் காலைச் சிற்றுண்டியும் ஆரம்பமாயிற்று. ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது? நேற்றுவரை "படிக்க விதியில்லை" என்ற பிள்ளை இன்று பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிரம்மா எழுதின எழுத்து ஒரு கோழிமுட்டைக்கு அழிந்து போகுமானால், அது பிரம்மா எழுதியதா, பசி எழுதியதா?

ஆனால் சர்க்கார் சோறு போட்டுவிட்டது, நமக்கு வேலையில்லை என்று இருந்துவிடலாமா? கூடாது. நம் கையிலுள்ள குற்றத்தையும் நாம் பேசத்தான் வேண்டும். மற்றவர்களை வைவது சுலபம். நம் வீட்டைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

பெண் வயதுக்கு வந்தால் பந்தல் போட்டு, படம் அச்சடித்த பதாகை கட்டி, சீர்வரிசை வாங்கி மஞ்சள் நீராட்டு விழா செய்கிறோம். அதன் அர்த்தம் என்ன? "என் வீட்டில் ஒரு பெண் கலியாணத்துக்குத் தயார்" என்று ஊருக்குத் தண்டோராப் போடுவதுதானே? எட்டாவது படிக்கிற பெண்ணைப் பற்றி அப்படித் தண்டோராப் போட்டுவிட்டு, அப்புறம் "மாப்பிள்ளை வீட்டார் நெருக்குகிறார்கள், என்ன செய்வது?" என்றால் யார் பொறுப்பு? அந்த விழாவுக்கு வாங்கின கடனை யார் அடைப்பது? அதே பெண்தான், படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போய் அடைக்கிறாள்.

குடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய தென்னாற்காடு ஜில்லாவில் சேர்ந்திருந்த கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் விஷச் சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். தகப்பன் ஒரு கோப்பையில் போனான். பிள்ளைகள் ஆயுள் முழுதும் அதன் விலையைக் கொடுக்க வேண்டும். விற்றவன் குற்றவாளி, பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி குற்றவாளி, சந்தேகமில்லை. ஆனால் கூலி வாங்கின கை வீட்டுக்குப் போகும் வழியில் எங்கே திரும்புகிறது என்பது அந்தக் கைக்குரியவருக்கும் தெரிய வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

ஆகவே, பெரிய பெரிய தீர்மானங்களைச் சொல்லி உங்களை அனுப்ப நமக்கு இஷ்டமில்லை. நாளைக் காலையில் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லுகிறோம்.

முதலாவது, கடற்கரைக் குப்பங்களில் பெண்குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுங்கள். அதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டியதில்லை. அப்பனும் அண்ணனும் மனது வைத்தால் போதும். 391க்கும் 146க்கும் உள்ள வித்தியாசத்தில் எத்தனையோ உயிர் இந்த ஒரு காரியத்தில் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது, ஒரு வீட்டில் தாய் இறந்தால் பதினாறாம் நாள் காரியத்துக்குச் செலவு செய்யும் பணத்தை, அந்த வீட்டு மூத்த பெண்ணின் படிப்பு நிற்காமலிருப்பதற்குச் செலவு செய்யுங்கள். இறந்தவளுக்கு எள்ளும் தண்ணீரும் போய்ச் சேருமா என்பது ஒருவருக்கும் தெரியாது. இருக்கிறவளுக்குப் புத்தகம் போய்ச் சேரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அண்டை வீட்டார் முறை வைத்துக்கொண்டு இரண்டு வேளைச் சோறும் கைக்குழந்தையையும் பார்த்துக்கொண்டால் அந்தப் பெண் பள்ளிக்கூடம் போவாள்.

மூன்றாவது, நம் ஊரில் படித்த பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள் இருளர் குடியிருப்புக்குப் போய், பிறப்புச் சான்று, ஜாதிச் சான்று, ரேஷன் கார்டு ஆகிய காகிதங்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். மனு எழுதியதோடு விடாமல் ஆபீசுக்கும் கூடப் போங்கள். எழுதத் தெரியாதவனை மூன்று தடவை திருப்பி அனுப்புகிற குமாஸ்தா, எழுதத் தெரிந்தவன் பக்கத்தில் நின்றால் முதல் தடவையே வாங்கிக்கொள்ளுவார்.

நான்காவது, மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போகாதீர்கள், மொய் வைக்காதீர்கள். பதினெட்டு வயதாகாத பெண்ணுக்குக் கலியாணம் என்று தெரிந்தால், அது சொந்தக்காரர் வீடானாலும், தலைவர் வீடானாலும், தீட்சிதர் வீடானாலும் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். "நமக்கேன் பொல்லாப்பு" என்கிற ஒரு வார்த்தையினால் இந்த நாட்டில் கெட்ட பெண்குழந்தைகளின் கணக்கு, எல்லாச் சுனாமியிலும் செத்தவர்களின் கணக்கைவிட அதிகமாயிருக்கும் என்று நாம் அஞ்சுகிறோம்.

தோழர்களே! இவ்வளவு நேரம் நாம் சொன்னதன் சாரம் ஒன்றுதான். குழந்தையின் கஷ்டம் விதியானால் அழுதுவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை. அது மனிதன் செய்த ஏற்பாடானால் மனிதனே அதை மாற்ற முடியும். அது மனிதன் செய்த ஏற்பாடுதான் என்பதற்குக் கடலூர்க் கரையில் செத்த பெண்களின் கணக்கும், சிதம்பரத்துப் பள்ளிக்கூடத்தில் எழுதப் படித்த பிள்ளைகளும் சாட்சி. அடுத்த தடவை ஒரு குழந்தையைப் பார்த்து "தலைவிதி" என்ற சொல் உங்கள் நாக்கு நுனியில் வருமானால், அதை அங்கேயே நிறுத்திவிட்டு, இந்த விதியை எழுதினது யார், அதில் நம் கையெழுத்தும் இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.